இலக்கமுறைக் கமராவும் அச்சுப்படியும்

மத்திய மலைநாட்டிலே, கெசல்கமு ஓயா பாயும் பள்ளத்தாக்கிலே, நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது பொகவந்தலாவை. தேயிலையாற் புகழ்பெற்ற இவ்வூருக்கு ஒளிப்படக்கலையின் வரலாற்றிலும் ஓரிடம் உண்டென்பதைப் பலர் அறியார். இங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞருள் ஒருவராகிய ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த அவர், 1863ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைக் கொண்டு, தமது நாற்பத்தெட்டாவது வயதில் இக்கலையைத் தொடங்கினார். 1875இல், கோல்புறூக் - கமரன் விதப்புரைகளால் இலங்கை வரலாற்றில் அறியப்படுபவராகிய தம் கணவர் சாள்ஸ் ஹே கமரனுடன் இந்நாட்டிற்குக் குடிபெயர்ந்தார். 1879 சனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் காலமானார்.

அம்மையார் காலத்தில் ஒரு படம் எடுப்பதற்குப் பெரும்பொருளும் பெருமுயற்சியும் தேவைப்பட்டன. இன்றோ கொழுந்து பறிக்கச் செல்வோரின் கையிலும், பாடசாலைக்குச் செல்லும் மாணவரின் கையிலும் கமரா உண்டு. ஆயினும் ஒரு குறை அடிக்கடி கேட்கப்படுகின்றது. கைப்பேசித் திரையிலே ஒளியுடன் விளங்கிய முகம், ஆண்டு மலரில் அச்சேறியதும் கரும்படலமாகி விடுகின்றது. சுவரிலே மாட்டுவதற்காகப் பெரிதாக்கினாலோ, கன்னத்திலும் கண்ணோரத்திலும் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றுகின்றன. இதற்குக் காரணம் யாது? அச்சிடுவதற்கு முன்னரே இதனை அறிந்துகொள்ளும் வழி உண்டா? இவ்விரு வினாக்களும் எல்லா நாட்டிற்கும் பொதுவானவை. ஆனால், மூடுபனியும் மழையும் நிறைந்து, மங்கிய வெளிச்சமுள்ள லயத்து அறைகளிலே கருநிறமும் மாநிறமும் கொண்ட மக்கள் வாழும் மலைநாட்டிற்கு இவை தனிச்சிறப்பு உடையன. அவ்வாறாதல் எங்ஙனம் என்பது பின்னர் விளங்கும்.

பழைய கமராவும் புதிய கமராவும்

கமரன் அம்மையார் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. 1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்பவர் வெளியிட்ட இம்முறையிலே, கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் கரைசலைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படமெடுத்து விளக்கிவிடல் வேண்டும். 1866 முதல் அவர் பயன்படுத்திய பெரிய கமராவின் தகடு 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையது. அத்தகட்டை முட்டை வெண்கரு பூசிய தாளோடு நேரே சேர்த்து வெயிலில் வைத்துப் படி எடுப்பர். எனவே அச்சுப்படியின் அளவும் தகட்டின் அளவும் ஒன்றே. பெரிதாக்கல் என்னும் செயலுக்கு அங்கு இடமில்லை.

இன்றைய இலக்கமுறைக் கமராவில் தகட்டின் இடத்தை உணரி என்னும் சிலிக்கன் சில்லு பெற்றுள்ளது. முழுச்சட்டக் கமரா எனப்படும் வகையில் அதன் அளவு 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் ஆகும். சில கைப்பேசிகளிலோ அது ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர் நீளமும் 4.2 மில்லிமீற்றர் அகலமும் மாத்திரமே. 15 அங்குல நீளமான அச்சுப்படி வேண்டுமாயின் முன்னதன் உருவத்தைப் பத்து மடங்குக்குச் சற்று மேலாகவும், பின்னதன் உருவத்தை ஏறத்தாழ அறுபத்தெட்டு மடங்காகவும் பெரிதாக்குதல் வேண்டும். உருவம் பெரிதாகும்போது அதிலுள்ள குறையும் உடன்பெரிதாகும். அச்சுப்படியிலே தோன்றும் தொல்லைகளின் தொடக்கம் இதுவே.

அச்சின் வழியாகப் படம் கெடுவதை அம்மையாரும் நன்கு அறிந்திருந்தார். தெனிசன் கவிஞரின் ஆதர் மன்னன் காவியத்திற்காக 1874இல் அவர் எடுத்த படங்கள், நூலிலே சிறு மரக்கட்டை வெட்டுக்களாகச் சுருங்கி வெளிவந்தன. அதனால் மனநிறைவு கொள்ளாத அவர், அசல் ஒளிப்படங்களையே பெரிய அளவில் ஒட்டிய தனிநூலை வெளியிட்டார். தகடுகளின் மேற்பூச்சு வெடித்துப் பாழாவது குறித்து 1869இல் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தின் ஆலோசனையை நாடினார். 1870களில் தம் படங்கள் சிலவற்றை, எளிதில் மங்காத கரித்தூள் அச்சாக ஆட்டோடைப் கம்பனியைக் கொண்டு படியெடுப்பித்தார். படம் எடுத்ததோடு பணி முடிந்ததெனக் கருதாது, அது தாளில் எவ்வாறு நிலைபெறும் என்று கவன்ற கலைஞர் அவர்.

இரைச்சல் என்பது யாது?

வானொலியிலே பாட்டினூடே கலந்து ஒலிக்கும் இரைச்சலைப் போன்று, படத்தினூடே கலந்து தோன்றும் ஒழுங்கற்ற புள்ளிகளையும் அறிவியலார் இரைச்சல் என்றே வழங்குவர். இது கமராவின் பழுதன்று. ஒளியின் இயல்பிலேயே பிறப்பது. ஒளி நீரோட்டம்போலத் தொடர்ச்சியாக வருவதன்று. தனித்தனித் துணிக்கைகளாக வருவது. தூறல் விழும்போது முற்றத்திலே ஒரே அளவான பத்துக் குவளைகளை வைத்தால், ஒவ்வொன்றிலும் விழும் துளிகளின் எண்ணிக்கை வேறுபடும். ஒன்றில் ஏழும், மற்றொன்றில் பதின்மூன்றும் இருத்தல் கூடும். அடைமழையிலே வைத்தாலோ எல்லாக் குவளைகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்திற்கு நிரம்பும். உணரியிலுள்ள பிக்சல்கள் அக்குவளைகளைப் போன்றவை. ஒளி குறைந்தவிடத்து, ஒரே நிறமான பரப்பைக் காணும் பிக்சல்களும் வெவ்வேறு அளவான ஒளியைப் பெறும். அவ்வேறுபாடே புள்ளிகளாகத் தோன்றுவது.

இதனைக் கணிதமுறையால் எளிதிற் கூறலாம். ஒரு பிக்சலில் ஒளியால் விடுவிக்கப்படும் இலத்திரன்களின் சராசரி எண்ணிக்கை யாதோ, அதன் வர்க்கமூலமே இரைச்சலின் அளவாகும். 10,000 இலத்திரன்கள் சேர்ந்தவிடத்து இரைச்சல் 100. ஆதலின் செய்திக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 100. வெறும் 100 இலத்திரன்களே சேர்ந்தவிடத்து இரைச்சல் 10. ஆதலின் விகிதமும் 10 மாத்திரமே. ஒளி நூறிலொன்றாகக் குறைய, படத்தின் தூய்மை பத்திலொன்றாகக் குறைகின்றது. இதனோடு, உணரியிலிருந்து எண்களைப் படித்தெடுக்கும் மின்சுற்று உண்டாக்கும் வாசிப்பு இரைச்சலும் சேரும். இக்காலக் கமராக்களில் அது சில இலத்திரன்கள் அளவே ஆயினும், மிகுந்த இருளான இடங்களில் புலப்படும். வெப்பத்தாற் பிறக்கும் இரைச்சலும் ஒன்றுண்டு. அது நெடுநேரம் திறந்துவைத்து எடுக்கும் இராக்காலப் படங்களிலேயே பெரிதாகத் தோன்றும். அவ்வகையில் மலைநாட்டின் குளிர் கமராவிற்கு நன்மையே செய்கின்றது.

கமராவின் ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பற்றிய தவறான கருத்தொன்றை இவ்விடத்தே நீக்குதல் தகும். அவ்வெண்ணை உயர்த்துவதனால் இரைச்சல் பிறக்கின்றதெனப் பலர் எண்ணுவர். உண்மையில் அவ்வெண் சேர்ந்த ஒளியைப் பெருக்கிக் காட்டுவதேயன்றி, ஒளியைக் கூட்டுவதுமன்று, குறைப்பதுமன்று. எண்ணை உயர்த்தும்போது கமரா திறந்திருக்கும் நேரம் குறைகின்றது. அல்லது வில்லையின் துவாரம் சிறுக்கின்றது. அதனால் உட்புகும் ஒளி குறைகின்றது. இரைச்சலுக்குக் காரணம் அக்குறைவே. பெரிய உணரியுள்ள கமரா ஒரே சூழலிற் சிறந்த படத்தைத் தருவதும் இக்காரணம் பற்றியே. மேற்கூறிய முழுச்சட்ட உணரியின் பரப்பு கைப்பேசி உணரியின் பரப்பைப்போல் ஏறத்தாழ முப்பத்தாறு மடங்கு. துவார எண்ணும் திறப்பு நேரமும் ஒன்றாயின், அது சேர்க்கும் ஒளியும் அவ்வளவு மடங்கே. இரைச்சல் விகிதத்தில் ஆறு மடங்கு மேன்மை கிடைக்கும். பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்யக் கைப்பேசிகள் கற்றுக்கொண்டுள்ளன. ஆயினும் அசையும் பொருள்களிடத்து அவ்வுத்தி முழுப்பயன் தருவதில்லை.

திரையும் தாளும்

திரையிலே காண்பது ஒன்று, தாளிலே காண்பது பிறிதொன்று. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடுகள் மூன்று.

முதலாவது, அளவு. இயல்பான கண் ஒரு பாகையின் அறுபதிலொரு பங்கு அளவான நுணுக்கத்தைப் பிரித்தறியும். 30 சதமமீற்றர் தொலைவில் வைத்துப் பார்க்கும் தாளில் அது ஏறத்தாழ 0.087 மில்லிமீற்றருக்குச் சமம். அஃதாவது அங்குலத்திற்கு 290 புள்ளிகளளவு. அச்சகத்தார் அங்குலத்திற்கு 300 பிக்சல் வேண்டுமென்பது இதனாலேயே. 6000 பிக்சல் நீளமும் 4000 பிக்சல் அகலமும் கொண்ட 24 மெகாபிக்சல் படம் இவ்வளவையிலே 20 அங்குல நீளத்திற்கு அச்சிடத் தகும். அதே படத்தை 6 அங்குல அஞ்சலட்டை அளவில் அச்சிட்டால், தாளின் ஒவ்வொரு புள்ளியிலும் பதினொரு பிக்சல்கள் ஒன்றாகச் சேர்ந்து சராசரியாகிவிடும்; இரைச்சலும் ஏறத்தாழ மூன்றிலொன்றாகக் குறையும். ஆகவே திரையிலே முழு உருப்பெருக்கத்திற் பார்த்து அஞ்சிய புள்ளிகள் சிறிய அச்சுப்படியில் மறைந்து விடுதல் உண்டு. திரையை மாத்திரம் நோக்கிக் கமராவைப் பழிப்பது தவறாதல் இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, ஒளியின் வீச்சு. திரை தானே ஒளிவிடுவது; அதன் மிக்க வெண்மைக்கும் மிக்க கருமைக்கும் இடையேயுள்ள விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவினது. பளபளப்பான ஒளிப்படத் தாளிலே அது நூறு அல்லது இருநூறுக்கு ஒன்றாகச் சுருங்கும். செய்தித்தாளிலோ ஏறத்தாழப் பத்துக்கு ஒன்றே. திரையிலே தனித்தனியாகத் தெரிந்த இருள்நிறங்கள் தாளிலே ஒன்றோடொன்று கலந்து ஒரே கருமையாகின்றன.

மூன்றாவது, மை பரவுதல். அச்சகத்திலே படம் சிறுசிறு மைப்புள்ளிகளாகப் பிரிக்கப்படுகின்றது. மெருகிட்ட தாளுக்கு அங்குலத்திற்கு 150 வரிசைகளும், செய்தித்தாளுக்கு 85 முதல் 100 வரையான வரிசைகளும் வழக்கமாகக் கொள்ளப்படுகின்றன. மை தாளில் ஊறிப் புள்ளி பருப்பதனால், செய்தித்தாளிலே பரப்பின் பாதியை மூடவேண்டிய மை ஏறத்தாழ முக்காற் பங்கை மூடிவிடுதல் உண்டு. இதனால் நடுநிறங்கள் யாவும் கருமை அடைகின்றன. வெண்ணிற முகத்திற்கு இது பெருந்தீங்கு செய்யாது. முன்னரே கருமைப் பக்கம் நிற்கும் முகத்தையோ அது முற்றாக விழுங்கிவிடும்.

இக்குறையை நீக்க, அச்சுக்கு அனுப்புமுன் படத்தின் இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்குவர். அங்ஙனம் வெளிச்சமாக்கும்போது அப்பகுதிகளிலே ஒளிந்திருந்த இரைச்சலும் உடன் வெளிப்படுகின்றது. அச்சுக்காகக் கமராவைச் சோதிப்போர் மனத்திற் கொள்ளவேண்டிய தலையாய உண்மை இதுவேயாகும். வெண்சுவரிலும் நீலவானத்திலும் இரைச்சலைத் தேடுதல் போதாது. கருநிற முகத்திலே, அதுவும் அச்சுக்காக வெளிச்சமாக்கிய பின்னரே, அதனைத் தேடுதல் வேண்டும்.

சோதிக்கும் முறை

இச்சோதனைக்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு முக்காலியும், ஒரு சன்னலும், சாம்பல்நிற அட்டையொன்றும், பொறுமையுடன் அமர்ந்திருக்க இசையும் ஒருவரும் போதுமானவை. கல்லூரி மாணவர் ஒரு பிற்பகலிலே செய்து முடிக்கலாம்.

சன்னலின் ஒளி ஒருபக்கமாக விழுமாறு அவரை அமர்த்தி, தோளிலே வெண்துணி ஒன்றையும், அருகே சாம்பல்நிற அட்டையையும், சிறிய எழுத்துக்கள் அச்சிட்ட தாளொன்றையும் வைத்தல் வேண்டும். கமராவை முக்காலியில் நிறுத்தி, வில்லையின் துவாரத்தை மாற்றாது, ஐ.எஸ்.ஓ. எண்ணை 100, 200, 400, 800, 1600, 3200, 6400, 12800 என இருமடங்காக உயர்த்தி, அதற்கேற்பத் திறப்பு நேரத்தைப் பாதி பாதியாகக் குறைத்து எட்டுப் படங்கள் எடுக்கலாம். ஒவ்வோர் எண்ணிலும் ஒளியை நான்கிலொன்றாகக் குறைத்து மேலும் ஒவ்வொரு படம் எடுத்தல் நன்று. வெளிச்சம் தவறிய வேளையிலே கமரா எவ்வளவு தாங்கும் என்பதை அது காட்டும். கமராவே புள்ளிகளை அழிக்கும் வசதியை இச்சோதனையின்போது நிறுத்திவிடல் வேண்டும். சுருக்கிய ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகளையே கொண்டது. 14 இருமவெண் கொண்ட மூலக்கோப்போ 16,384 படிகளைக் கொண்டது. இருளை வெளிச்சமாக்க வேண்டியவர் மூலக்கோப்பையே சேமித்தல் நலம்.

இரைச்சலை எண்ணால் அளக்க விரும்புவோர், ஒரே அமைப்பில் இரு படங்கள் எடுத்து, சாம்பல் அட்டையின் பகுதியிலே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தல் வேண்டும். அட்டையின் அழுக்கும் ஒளியின் ஏற்றத்தாழ்வும் இரண்டிலும் பொதுவானவை ஆதலின் அவை நீங்கிவிடும், எஞ்சுவது இரைச்சலே. அவ்வேறுபாட்டின் நியம விலகலை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஒரு படத்தின் இரைச்சல் பெறப்படும். கமராவின் ஒளியுணர்வை வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ. 12232 என்னும் சர்வதேச நியமம், விகிதம் 40 ஆயின் மிக நன்று எனவும், 10 ஆயின் ஏற்கத்தக்கது எனவும் இரு எல்லைகளை வகுத்துள்ளது.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். வெண்துணி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். கருமை மிக்க தோல் அதன் எட்டிலொரு பங்கையே அனுப்புவதாகக் கொள்வோம். துணியின் பகுதியிலே ஒரு பிக்சலில் 16,000 இலத்திரன்கள் சேருமாயின், முகத்தின் பகுதியிலே 2,000 சேரும், விகிதம் 45. கண்ணின் கீழுள்ள நிழலிலே 500 சேருமாயின் விகிதம் 22. இனி ஒளி நான்கிலொன்றாகக் குறைந்ததாகக் கொண்டால், துணியிலே 4,000 சேர்ந்து விகிதம் 63 ஆகவே நிற்கும். குறை ஒன்றும் தோன்றாது. முகத்திலோ விகிதம் 22க்கு இறங்கும். கண்ணின் கீழ் 11க்கு இறங்கி, ஏற்கத்தக்க எல்லையைத் தொட்டுநிற்கும். ஒரே கமரா, ஒரே நொடி, ஒரே படம். எனினும் துணி தப்பியது, முகம் தப்பவில்லை. வெண்ணிறப் பொருளைக் கொண்டு செய்த சோதனை கருநிற முகத்திற்குச் சான்றாகாமை இதனால் விளங்கும்.

எண்கள் வழிகாட்டுமேயன்றித் தீர்ப்பளிக்க மாட்டா. தீர்ப்பளிப்பது தாள். 30 அங்குலப் பெரும்படி ஒன்றை அச்சிட்டுப் பார்க்கும் செலவை எல்லோராலும் தாங்கவியலாது. அதற்கு எளிய வழியுண்டு. 6000 பிக்சல் நீளமான படம் 30 அங்குலமாகும்போது அங்குலத்திற்கு 200 பிக்சல் அமையும். ஆகவே முகமுள்ள பகுதியிலிருந்து 1200 பிக்சல் நீளமும் 800 பிக்சல் அகலமும் உள்ள துண்டை வெட்டி, 6 அங்குலத்திற்கு 4 அங்குலமான சாதாரணத் தாளில் அச்சிட்டால், பெரும்படியின் ஒரு துண்டே கையிற் கிடைத்ததாகும். எட்டுத் துண்டுகளையும் அச்சிட்டு, ஐ.எஸ்.ஓ. எண்களைப் பின்புறத்தில் எழுதி, வேறொருவரைக் கொண்டு கலைத்து அடுக்கச் செய்து, எண் தெரியாத நிலையிலே நல்லன, தீயன எனப் பிரித்தல் வேண்டும். எண்ணைக் கண்டபின் பார்க்கும் கண் நடுநிலை தவறும். சிறுபடியைக் கையில் வைத்தும், பெரும்படியின் துண்டைச் சுவரில் வைத்து அது மாட்டப்படவிருக்கும் தொலைவில் நின்றும் பார்த்தல் முறை.

அங்ஙனம் பார்க்கும்போது இருவகை இரைச்சலையும் பிரித்தறிதல் வேண்டும். ஒளியளவில் மாத்திரம் வேறுபடும் நுண்புள்ளிகள் பழைய படச்சுருளின் மணிகளைப்போல் தோன்றுவன. தாளிலே பெரும்பாலும் பொறுக்கத்தக்கன. சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் திட்டுத்திட்டாகத் தோன்றும் நிற இரைச்சலோ தோலுக்கு நோயுற்ற தோற்றத்தைத் தரும். அதனை அழித்தல் எளிது; அழிப்பதனால் இழப்பும் சிறிது. நுண்புள்ளிகளை முற்றாக அழிக்க முயன்றாலோ, அவற்றோடு தோலின் சுருக்கமும், நரையின் இழையும், வெயிலிலும் மழையிலும் உழைத்த முகத்தின் கோடுகளும் அழிந்து மெழுகுப் பொம்மையின் முகமே எஞ்சும்.

மூடுபனியும் லயத்து அறையும்

இப்பொதுமுறையைப் பொகவந்தலாவைக்குப் பொருத்தும்போது மூன்று சூழல்களைச் சிறப்பாகக் கருதல் வேண்டும். முதலாவது மூடுபனி. கமராவின் ஒளிமானி காணும் காட்சி எதுவாயினும் அதனைச் சராசரிச் சாம்பல் நிறமாக ஆக்கவே முயலும். வெண்பனி மூடிய மலையிலே நிற்கும் தொழிலாளியைப் படமெடுத்தால், பனியைச் சாம்பலாக்கும் முயற்சியில் முகத்தை இருளாக்கி விடும். ஒளிமானி காட்டுவதைக் காட்டிலும் இருமடங்கு முதல் நான்மடங்கு வரை கூடுதலான ஒளியை இடுதலே இதற்குப் பரிகாரம். பனியின் வெண்மை சற்று மிகுந்தாலும் இழப்பில்லை. முகமே படத்தின் உயிர்.

இரண்டாவது லயத்து அறை. ஒரு கதவும் சிறு சன்னலுமே ஒளிவழியாக உள்ள அறைகள் பல. அங்கே முதியோரை அறையின் உள்மூலையில் அமர்த்தாது, கதவருகே, ஒளியை நோக்கி அமரச் செய்தலே எந்தக் கமராவும் தரவியலாத மேன்மையைத் தரும். ஒளி விழுமிடத்திற்கு இரண்டு மடங்கு நெருங்கி அமர்த்துவது, விலைமிக்க கமரா வாங்குவதைக் காட்டிலும் பயன்மிக்கதாதல் கூடும்.

மூன்றாவது இராக்கால விழா. மாசி மாதத்திலே தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தில் தீப்பந்தமும் மின்குமிழுமே ஒளி. ஆடுவோர் ஓயாது அசைவர். இங்கே ஐ.எஸ்.ஓ. எண்ணைக் குறைவாக வைத்து நெடுநேரம் திறந்தால் முகம் கலங்கிவிடும். எண்ணை உயர்த்தினால் புள்ளிகள் மிகும். இரண்டில் ஒன்றைத் தெரியவேண்டி வருமாயின் புள்ளிகளை ஏற்பதே அறிவுடைமை. புள்ளிகளைப் பின்னர் ஓரளவு குறைக்கலாம்; கலங்கிய கண்ணை மீட்டெடுக்க வழியில்லை. முன்னரே சோதித்தவர், தம் கமரா 3200 வரையிலோ 6400 வரையிலோ ஆண்டு மலரின் ஒரு பக்கத்திற்குத் தாங்கும் என்பதை அறிந்திருப்பாராதலின் விழாவிலே தயங்கமாட்டார்.

குறையும் தெரிவும்

கமரன் அம்மையாரின் படங்களிலும் குறைகள் பல உண்டு. குவியம் மென்மையானது; தகட்டில் விரற்சுவடும் தூசியும் கீறலும் காணப்படும். அக்காலத்து ஒளிப்படத் திறனாய்வாளர் இவற்றை எடுத்துக்காட்டி இகழ்ந்தனர். ஆயினும் ஹேர்ஷல், டார்வின், கார்லைல் முதலியோரின் முகங்கள் அவர் படங்களிலே உயிருடன் விளங்குகின்றன. 1913இல் கமரா வேர்க் என்னும் அமெரிக்க இதழ் அவருடைய படங்களைச் சிறந்த செப்புத்தகட்டு அச்சாக மீண்டும் வெளியிட்டது. எல்லாக் குறையும் ஒருதன்மைத்தன்று. கலைஞர் அறிந்து ஏற்ற குறை வேறு. அறியாமையால் வந்த குறை வேறு. தூய்மையான படமே நல்ல படம் என்பது சோதனையின் முடிவன்று. எக்குறையை ஏற்கலாம், எக்குறையை ஏற்கலாகாது என்று தெரிந்தெடுக்கும் உரிமையைச் சோதனை தருகின்றது.

அம்மையாரின் கையை மீறிய குறையும் ஒன்றுண்டு. ஈரக் கொலோடியன் நீலவொளிக்கே உணர்வுடையது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் ஏறக்குறையக் குருடு. ஆதலின் மாநிறமான தோல் அதிலே உண்மையினும் கருமையாகவே பதியும். இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் எஞ்சியுள்ளவை முப்பதுக்கும் குறைவானவையே. அவற்றிலுள்ள இந்நாட்டு மக்களின் முகங்கள் இவ்வாறு கருமையேறியே பதிந்தன. இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரியோரின் படங்களுக்குப் பெயர் உண்டு; இங்குள்ளோர் படங்கள் பெரும்பாலும் களுத்துறைக் குடியானவர், இலங்கைப் பெண் என்னும் பொதுப்பெயராலேயே அறியப்படுகின்றன.

கருவியின் இச்சாய்வு அவரோடு முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வர்ணப்படச் சாலைகள் நிறத்தைச் சரிபார்ப்பதற்குக் கொடாக் நிறுவனம் வழங்கிய மாதிரி அட்டைகளில் இருந்தது வெண்ணிறப் பெண்ணின் உருவமே. ஷேர்லி அட்டை என வழங்கிய அதற்கேற்பச் சரிசெய்த பொறிகளிலே கருநிற முகங்கள் தெளிவிழந்தன. பல நிறத்தோர் இடம்பெற்ற அட்டைகள் 1990களிலேயே வந்தன. இன்றைய இலக்கமுறைக் கமரா இவ்விரண்டினும் மேலானது. ஆயினும் அதனை எதைக் கொண்டு சோதிக்கின்றோம் என்பதிலேயே அதன் மேன்மை தங்கியுள்ளது.

மலையக மக்களுக்கு ஒளிப்படம் வெறும் அலங்காரப் பொருளன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியோராகவும் 3,00,000 பேரை இலங்கைக்கு உரியோராகவும் பிரித்து வகுத்தது. உடன்பிறந்தோர் கடல்கடந்து பிரிந்த குடும்பங்களிலே, பிரிந்தவர் முகத்தைக் காத்து நின்றது பலவிடத்து ஒரு சிறிய அச்சுப்படியே. கைப்பேசி பழுதுற்றால் அதிலுள்ள படங்கள் மறையும். பெட்டியின் அடியில் வைத்த தாள் தலைமுறை கடந்தும் நிற்கும்.

ஆதலின் ஆண்டு மலருக்கோ, வீட்டுச் சுவருக்கோ, மூத்தோர் ஒருவரின் படத்தை அச்சிட விழைவோர் செய்யத்தக்கவை சில. அவரைக் கதவருகே ஒளியில் அமர்த்துக. வெண்துணியை அன்றி முகத்தை நோக்கி ஒளியை அளவிடுக. மூலக்கோப்பைப் பேணுக. அச்சுக்கு வேண்டிய அளவு வெளிச்சமாக்கிய பின், முகத்தின் ஒரு துண்டை உரிய அளவில் அச்சிட்டுச் சோதிக்க. இறுதியாக, அச்சுப்படியின் பின்புறத்திலே அவருடைய பெயரையும், தோட்டத்தையும், ஆண்டையும் எழுதுக. பொகவந்தலாவைக் கல்லறையிலே படமெடுத்தவரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. இந்நாட்டிலே அவர் கமராவின்முன் நின்றோருட் பெரும்பாலோர் பெயரை இன்று அறிவாரில்லை.